கட்சி மாறிய சொல்: ஆங்கில 'வித்' பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தேர்வு முடிவு வெளியான அன்று மாலை, என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் மாணவி ஒருத்தி கைபேசியை நீட்டினாள். அவளுடைய பதிவெண்ணுக்கு எதிரே மதிப்பெண் இல்லை. 'வித்ஹெல்ட்' என்று ஒரே ஒரு சொல் இருந்தது. கட்டணப் பாக்கி ஏதாவது இருக்கும், காலையில் விசாரித்தால் தெரிந்துவிடும் என்று சமாதானம் சொன்னேன். அவளை உறுத்தியது அது இல்லை, அந்தச் சொல்.

"சார், வித்னா 'கூட'. ஹெல்ட்னா 'பிடிச்சது'. கூடப் பிடிச்சாங்கன்னா, 'நிறுத்தி வச்சிருக்கோம்'னு எப்படி சார் அர்த்தம் வருது?"

நியாயமான கேள்வி. இதே கேள்வியை வங்கியிலும் கேட்கலாம். பணம் எடுக்க 'வித்டிராயல்' சீட்டு எழுதுகிறோம். 'டிரா' என்றால் இழுப்பது. கணக்கிலிருந்து வெளியே எடுப்பதற்கும் 'கூட' என்பதற்கும் என்ன உறவு? புயலைத் தாங்கிய கட்டடம் அதை 'வித்ஸ்டாண்ட்' செய்தது என்கிறார்கள். புயலோடு கூட நின்றால் கட்டடம் எப்படித் தப்பும்? 'கூட' என்று வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒன்றும் ஒட்டவில்லை. 'எதிர்' என்று வைத்துப் பார்த்தால் மூன்றும் உட்கார்ந்துவிடுகின்றன: எதிர்த்து நிற்பது, எதிர்ப்பக்கம் இழுப்பது, எதிர்த்துப் பிடித்து வைப்பது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் 'வித்' என்ற சொல்லின் தலையாய வேலை அதுதான். எதிரே நின்ற சொல், காலப்போக்கில் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது. அது விட்டுப்போன இடத்தை நிரப்ப ஆங்கிலம் எங்கெங்கோ போய் வேறு சொற்களைத் தேடிக்கொண்டு வந்தது. இன்று ஆங்கிலத்தில் எதிர்ப்பையும் கருத்து வேறுபாட்டையும் சொல்ல இத்தனை சொற்கள் இருப்பதற்கு இந்த இடமாற்றமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அதனால் இந்த ஆய்வில் ஒரே ஒரு சொல்லின் பின்னால் போகிறேன். மற்றவை வழியில் எதிர்ப்படும்.

இரண்டு சொற்கள் இருந்த காலம்

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பு அங்கே பேசப்பட்டதைப் பழைய ஆங்கிலம் என்கிறோம். அதில் 'கூட' என்பதற்குத் தனிச் சொல் இருந்தது: 'மிட்'. ஜெர்மனில் இன்றைக்கும் அது 'மிட்', டச்சில் 'மெட்'. 'வித்' வேறு ஆள். 'எதிர்', 'எதிராக', 'நோக்கி', 'ஈடாக' ஆகிய பொருள்களில் அது புழங்கியது. இரண்டும் குழப்பமில்லாமல் தத்தம் வேலையைப் பார்த்தன.

'வித்' எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் நம் வாசலுக்கே வந்து நிற்கிறோம். மொழியியலாளர்கள் காட்டும் இந்தோ-ஐரோப்பிய வேர் 'வி'. பிரிவு, விலகல் என்பது அதன் பொருள். வடமொழியின் 'வி' என்ற முன்னொட்டும் அதே வேர்தான். தமிழுக்கு வந்துவிட்ட வியோகம், விரோதம், விவாதம் எல்லாவற்றின் தலையிலும் இருப்பது அந்த 'வி'. ஆங்கிலேயனின் 'வித்'தும் நம் தொலைக்காட்சி 'விவாத'மும் ஒரே வேரில் கிளைத்தவை என்று தெரிந்த நாளில் எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

பழைய ஆங்கிலத்தின் பெருங்காப்பியமான பேயோவுல்ஃபில் ஓர் இடம். கடல் கடந்து வந்த வீரன், அரக்கன் கிரெண்டலைத் தனியாளாகச் சந்திக்கப்போவதாக மன்னனிடம் சொல்கிறான். 424ஆம் அடியிலிருந்து அடுத்தடுத்த மூன்று அடிகளில் மூன்று முறை 'வித்' வருகிறது: கிரெண்டலுக்கு எதிராக, அந்தக் கொடியவனுக்கு எதிராக, அந்தப் பூதத்துக்கு எதிராக. அவன் நடத்தப்போவதாகச் சொல்வது ஒரு 'திங்'. இன்று 'பொருள்' என்று நாம் அறிந்த அந்தச் சொல்லுக்கு அன்று 'கூட்டம்', 'வழக்கு மன்றம்' என்று பொருள். ஐஸ்லாந்தில் 930இல் தொடங்கிய ஆல்திங் என்ற மன்றத்தின் பெயரில் அது இன்றும் இருக்கிறது. கைகலப்பை மன்றத்தில் நடக்கும் வழக்கு போலச் சொல்கிறான் வீரன். எதிரி இங்கே எதிரில் உட்கார்ந்திருப்பவன். 'வித்' பின்னால் போன திசைக்கு இது முதல் தடயம்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு முகம்

இந்த ஆய்வில் என் மனதுக்கு மிக நெருக்கமான ஆவணம் ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் 865ஆம் ஆண்டுக்கு எழுதப்பட்ட பதிவு. டென்மார்க் பக்கத்திலிருந்து வந்த படை இங்கிலாந்தின் தென்கிழக்கில், கென்ட் கரையோரத்தில் தானெட் தீவில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. கென்ட் மக்களோடு சமாதானம் செய்துகொண்டது. அந்தச் சமாதானத்துக்கு ஈடாக அவர்கள் பணம் தருவதாக வாக்களித்தார்கள். பணம் வரும்வரை படை காத்திருக்கவில்லை. இரவோடு இரவாகக் கிளம்பிப் போய்க் கிழக்குக் கென்ட் முழுவதையும் சூறையாடியது.

'கென்ட் மக்களோடு சமாதானம்' என்ற இடத்தில் மூலத்தில் இருப்பது 'ஃப்ரித் வித் காண்ட்வாரும்'. 'அந்தச் சமாதானத்துக்கு ஈடாக' என்ற இடத்தில் 'வித் தாம் ஃப்ரிதெ'. ஒரே வாக்கியம், இரண்டு 'வித்'. ஒன்று பேச்சுவார்த்தையில் எதிரே உட்கார்ந்த தரப்பைச் சுட்டுகிறது. மற்றொன்று தராசின் எதிர்த்தட்டில் வைத்த பொருளைச் சுட்டுகிறது. இரண்டிலும் 'எதிர்' இருக்கிறது. ஆனால் முதலாவதை 'எதிராக' என்று மொழிபெயர்க்க முடியாது. கென்ட் மக்களுக்கு எதிராகச் சமாதானம் என்றால் பொருளே கெட்டுவிடும். 'ஓடு' என்றுதான் போட வேண்டும். சொல் நகரத் தொடங்கிவிட்டது.

அடுத்த ஆவணம் 991ஆம் ஆண்டின் மால்டன் போர் பற்றிய கவிதை. எஸ்ஸெக்ஸில் ஆற்று முகத்துவாரத்தின் ஒரு கரையில் வடக்கிலிருந்து கப்பலில் சூறையாட வந்த வைக்கிங் படை, மறுகரையில் பிர்ட்நோத் என்ற தலைவனின் படை. வைக்கிங் தூதன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துகிறான்: நட்புக்கு ஈடாகப் பணம் கொடுங்கள், நாங்கள் அந்தப் பணத்தோடு கப்பலுக்குத் திரும்பிவிடுகிறோம். 39ஆம் அடியில் 'நட்புக்கு ஈடாகப் பணம்' என்பதற்கு 'வித்'. நாற்பதாம் அடியில் 'பணத்தோடு' என்பதற்கு 'மிட்'. அடுத்தடுத்த அடிகளில் இரண்டு சொல்லும் தனித்தனியாக, ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன. இன்றைய ஆங்கிலத்தில் அந்தப் பணத்தோடு கிளம்புவதைச் சொல்ல 'வித்'தான் வேண்டும்.

பிர்ட்நோத் கேடயத்தை உயர்த்தி, கோபத்தோடு பதில் கொடுக்கிறான்: கப்பம் வேண்டுமா, ஈட்டிகளைத் தருகிறோம் என்று. அந்தப் 'பதில்' மூலத்தில் 'ஆண்ட்ஸ்வாரு'. இன்றைய 'ஆன்சர்' அதுதான். 'ஸ்வாரு' என்பது சத்தியம் செய்வது. 'ஆண்ட்' என்பது 'எதிர்'; கிரேக்கத்தின் 'ஆன்டி' என்ற முன்னொட்டுக்கு உடன்பிறப்பு. குற்றச்சாட்டை மறுத்து எதிர்ச்சத்தியம் செய்வதுதான் ஆதியில் 'ஆன்சர்'. வினாத்தாளில் நாம் எழுதும் விடைக்குள் ஒரு வழக்காடு மன்றத்துச் சத்தியம் ஒளிந்திருக்கிறது. பிர்ட்நோத் வாயில் வரும்போது அது முழு வேகத்தோடு வருகிறது: ஈட்டியை அசைத்துக்கொண்டு சொன்ன எதிர்மொழி அது.

அவன் அந்தப் போரில் செத்துப்போனான். அந்த ஆண்டே வைக்கிங்குகளுக்கு 10,000 பவுண்டு கப்பம் கட்டப்பட்டது. கவிதையின் கையெழுத்துப் பிரதி 1731இல் லண்டனில் நடந்த தீ விபத்தில் எரிந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு யாரோ ஒருவர் பொறுமையாகப் படியெடுத்து வைத்திருந்ததால் நமக்கு அந்த அடிகள் கிடைத்தன. பேயோவுல்ஃபின் ஒரே பிரதியும் அதே தீயில் ஓரம் கருகித் தப்பியது. அந்தக் கருகிய ஓரங்களின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நம் ஓலைச்சுவடிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

எப்படி மாறியது

சண்டை, பேச்சு, வியாபாரம், சமாதானம். இந்த நான்குக்கும் இரண்டு தரப்பு வேண்டும். இரண்டும் முகத்துக்கு முகம் நிற்க வேண்டும். எதிரில் ஆள் இல்லாமல் சண்டை போட முடியாது, பேரமும் பேச முடியாது. அப்படி எதிரில் நிற்பவனைச் சுட்டவே 'வித்' பயன்பட்டது. சண்டையில் அவன் எதிரி. பேச்சில் அவன் கேட்பவன். வியாபாரத்தில் அவன் வாங்குபவன். சமாதானத்தில் கிட்டத்தட்டக் கூட்டாளி. அவன் நிற்கும் இடம் மாறவில்லை, செய்யும் காரியம் மாறியது. இந்த வாக்கியங்கள் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும்போது, கேட்டு வளரும் குழந்தை 'வித்' என்றால் 'எதிரே' என்று எடுத்துக்கொள்ளலாம். 'அந்தச் செயலில் பங்குள்ள இன்னொருவர்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது பொருள் வலுத்தது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'அவனோடு சண்டை', 'அவனோடு சமாதானம்'. இரண்டுக்கும் நமக்கு ஒரே 'ஓடு'. நாம் துணைக்கான உருபை எதிரிக்கும் கொடுத்தோம். ஆங்கிலம் எதிரிக்கான சொல்லைத் துணைக்கும் கொடுத்தது. எதிரெதிர்த் திசையில் புறப்பட்டு ஒரே சந்திப்பில் வந்து நிற்கிறோம். நம் 'எதிர்' மட்டும் பழைய முகத்தை இழக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் எதிரி இல்லை. மாப்பிள்ளையை எதிர்கொண்டு அழைக்கிறோம்.

இங்கிலாந்தில் இந்த மாற்றத்துக்கு வெளியிலிருந்தும் ஓர் உந்துதல் கிடைத்தது. சூறையாட வந்த வடநாட்டவர்களில் பலர் ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிலும் வடக்கிலும் நிலம் பிடித்துக் குடியமர்ந்தார்கள். அவர்களுடைய மொழியில் 'வித்'தின் உடன்பிறப்பான சொல் 'எதிர்', 'ஓடு' என்ற இரண்டு பொருளிலும் ஏற்கெனவே புழங்கியது. பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்து, பெண் கொடுத்துப் பெண் எடுத்து, சந்தையில் பேரம் பேசிய இரண்டு கூட்டத்துக்கு நடுவே அந்தப் பழக்கம் இந்தச் சொல்லிலும் தொற்றியதில் வியப்பில்லை.

'மிட்' எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பீட்டர்பரோ மடத்தில் எழுதப்பட்ட ஆண்டுக்குறிப்பில் 1137ஆம் ஆண்டுப் பதிவு ஸ்டீஃபன் மன்னன் காலத்துக் கொடுமைகளைச் சொல்கிறது. பிரபுக்கள் கோட்டைகளைக் கட்டி, அவற்றைப் 'பேய்களாலும் கெட்டவர்களாலும் நிரப்பினார்கள்' என்று எழுதுகிறார் துறவி. அங்கே இருப்பது 'மிட் டெவ்லெஸ்'. இன்றைக்கு எந்த ஆங்கிலேயனும் அந்த இடத்தில் 'வித்' என்றுதான் சொல்வான். அங்கிருந்து இருநூற்றைம்பது ஆண்டு தள்ளிப் போனால், ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் கேன்டர்பரிக் கதைகளை ஏப்ரல் மாதத்து இன்மழையோடு தொடங்குகிறார். முதல் அடியிலேயே 'வித்'. அந்த இடைவெளிக்குள் 'மிட்' அழிந்துவிட்டது.

ஒரே ஒரு சொல்லில் அதன் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கிறது: 'மிட்வைஃப்'. 'வைஃப்' அன்று பெண் என்ற பொதுப்பொருளில் இருந்தது. பிள்ளைப்பேற்றின்போது பெண்ணோடு கூட இருப்பவள் மிட்வைஃப். இந்தப் பெயரை நடுவில் நிற்பவள் என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். அது தவறு. வலியில் துடிப்பவளுக்குக் கூட இருப்பது என்பதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது.

காலியான இடம்

'வித்' கட்சி மாறிவிட்டது. அப்படியானால் 'எதிர்' என்பதற்கு யார்? இதைப் பார்க்க லூக்கா நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்து 15ஆம் வசனத்தைப் போல வசதியான சாட்சி வேறு இல்லை. உங்கள் எதிரிகள் யாரும் எதிர்த்து நிற்கவோ மறுத்துப் பேசவோ முடியாத வாக்கைத் தருவேன் என்று இயேசு சொல்லும் இடம் அது.

1000ஆம் ஆண்டையொட்டிய பழைய ஆங்கில நற்செய்தியில் எதிரிகள் 'விதர்வின்னன்', எதிர்த்து நிற்பது 'வித்ஸ்டாண்டன்', எதிர்த்துப் பேசுவது 'வித்க்வெதன்'. ஒரே மூச்சில் மூன்று, மூன்றின் தலையிலும் ஒரே சொல். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் விக்ளிஃப் என்ற சமயச் சீர்திருத்தவாதியின் வழிவந்தவர்கள் செய்த மொழிபெயர்ப்பில் எதிரிகள் 'அட்வர்சரி' ஆகிவிட்டார்கள். அது பிரெஞ்சு வழி வந்த லத்தீன். எதிர்த்து நிற்பதும் பேசுவதும் 'அயென்ஸ்டோண்டே', 'அயென்ஸெய்யே'. 'வித்' போன இடத்தில் 'அயென்' வந்து உட்கார்ந்திருக்கிறது. 1611இன் ஜேம்ஸ் மன்னர் பதிப்பில் 'கெய்ன்ஸே', 'ரெசிஸ்ட்'. அதில் 'கெய்ன்ஸே' என்பது முந்தைய 'அயென்ஸெய்'யின் இன்னோர் உருவம், மற்றது லத்தீன். இன்றைய பதிப்புகளில் 'ரெசிஸ்ட்', 'கான்ட்ரடிக்ட்' என்று இரண்டுமே லத்தீனாகிவிட்டன. 'ரெசிஸ்ட்' என்பதைப் பிரித்தால் நிற்பது கிடைக்கிறது. 'கான்ட்ரடிக்ட்' என்பதைப் பிரித்தால் எதிராகப் பேசுவது கிடைக்கிறது. அதே இரண்டு செங்கல், வேறு சூளை.

நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த வசனம் 'எதிர்பேசவும் எதிர்நிற்கவும் கூடாத வாக்கையும் ஞானத்தையும்' என்று வரும். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். இரண்டு வினைக்கும் ஒரே 'எதிர்'. ஆங்கிலம் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் வைத்திருந்த அந்தக் கட்டுக்கோப்பு தமிழில் அப்படியே இருக்கிறது. எதிரிகளைச் சொல்லும் இடத்தில் வரும் 'விரோதி'யின் தலையில் இருப்பதும் அந்தப் பழைய 'வி'.

இந்த 'அயென்' யார்? இன்றைய 'அகெய்ன்'. முதலில் அதற்கும் 'எதிரே', 'நோக்கி' என்பதுதான் பொருள். சாசரின் வீரன் ஒருவன் மே மாதக் காலையில் பளபளக்கும் சூரியனுக்கு எதிரே நின்று உரக்கப் பாடுகிறான். அவனுக்குச் சூரியன் மேல் கோபம் இல்லை. அதைப் பார்த்தபடி பாடுகிறான், அவ்வளவுதான். எதிரே திரும்புவது என்பதிலிருந்து திரும்பவும் செய்வது என்ற பொருள் கிளைத்தது. நம் 'மறுபடி', 'மறுமொழி', 'மறுப்பு' மூன்றையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். அந்தத் திருப்பம் காதிலேயே கேட்கும். ஒரே சொல் இரண்டு சுமையைத் தாங்கச் சிரமப்பட்டதால் 'எதிர்' என்ற பொருளுக்கு வால் முளைத்தது. முதலில் ஒரு 'ஸ்', பிறகு 'ட்': 'அகெய்ன்ஸ்ட்'. அந்தக் கடைசி 'ட்'டுக்கு இலக்கணக் காரணம் எதுவும் இல்லை. 'அமங்ஸ்ட்', 'வைல்ஸ்ட்' போன்றவற்றிலும் அது இப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அரண்மனை வழியாக வந்தவை

1066க்குப் பிறகு நீதிமன்றத்தில் பிரெஞ்சு உட்கார்ந்தது. வழக்காடுவது ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் வர 1362 ஆயிற்று. இடைப்பட்ட மூன்று நூற்றாண்டில் வாதிக்கவும் மறுக்கவும் எதிர்க்கவும் வேண்டிய சொற்கள் பிரெஞ்சு வழியாகவே உள்ளே வந்தன. 'டிபேட்' என்பது அடித்து வீழ்த்துவது. லத்தீனிலிருந்து வந்த 'டிஸ்கஸ்' என்பது உதறிப் பிரிப்பது. 'டிஸ்அக்ரீ' மட்டும் சாந்தமான குடும்பத்தில் பிறந்தது: மனதுக்குப் பிடித்தமில்லை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. லத்தீனின் 'கான்ட்ரா' பிரெஞ்சில் தேய்ந்து 'கவுன்ட்டர்' ஆனது. நண்பர்களுக்குள் 'கவுன்ட்டர் கொடுக்கிறான்' என்கிறோமே, அது இதுதான். ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்கும் கவுன்ட்டர் வேறு. எண்ணுவது என்ற வினையிலிருந்து வந்தது. 'என்கவுன்ட்டர்' என்பதில் இருப்பதும் 'கான்ட்ரா'தான். பகைவர்கள் நேருக்கு நேர் சந்திப்பதைச் சொல்லி வந்த அந்தச் சொல் இங்கிலாந்தில் தணிந்து வெறும் சந்திப்பாகிவிட்டது. நம் செய்தித்தாள்களில் அது போலீஸ் துப்பாக்கியோடு சேர்ந்து மீண்டும் இரத்தம் பூசிக்கொண்டது. எனக்கு அந்தச் சொல்லைச் செய்தியில் படிக்கவே கை கூசும்.

எதிரியைச் சொன்ன பழைய சொல் 'ஃபேயோண்ட்', வெறுப்பவன். அது 'ஃபீண்ட்' ஆகிப் பேய்க்கு மட்டும் உரிய பெயராகிவிட, 'நண்பனல்லாதவன்' என்று பொருள்படும் 'எனிமி' பிரெஞ்சிலிருந்து வந்து மனித எதிரியை ஏற்றுக்கொண்டது.

'ரைவல்' என்ற சொல்லுக்குக் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டும். லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் நீரோடை. ஒரே ஓடையில் தண்ணீர் பாய்ச்சுகிறவன் 'ரைவல்'. வாய்க்கால் தகராறு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எங்கள் ஊரில் மடையை யார் முதலில் திறப்பது என்பதில் ஒரே பாட்டன் பேரன்கள் இரண்டு தலைமுறை பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். தமிழில் அவர்களுக்குப் பெயர் பங்காளி. பங்கு உள்ளவன், அதனாலேயே பகைக்கவும் உரியவன். தூரத்தில் இருப்பவன் மேல் நமக்கு என்ன பகை? 'ரைவல்', 'பங்காளி', 'வித்' மூன்றும் எனக்கு ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. எதிர்ப்பு என்பது கூட இருப்பதன் இன்னொரு முகம்.

நிலவிலிருந்து நாடாளுமன்றத்துக்கு

'அப்போசிஷன்' என்ற சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதில் அரசியல் இல்லை. அது சோதிடர்களின் சொல்: பூமியிலிருந்து பார்க்கும்போது இரண்டு கோள்கள் வானத்தில் நேரெதிரே நிற்பது. சாசரின் கதையொன்றில் காதலன் சூரிய தேவனிடம் வேண்டிக்கொள்கிறான், அடுத்த 'அப்போசிஷன்' வரும்போது அலையை உயரச் செய்து பாறைகளை மூழ்கடிக்கும்படி. சூரியனும் சந்திரனும் நேரெதிரே நிற்கும் பௌர்ணமியைத்தான் அவன் சொல்கிறான். பகையோ மறுப்போ அதில் இல்லை.

நாடாளுமன்றத்தில் அது உட்கார்ந்ததும் இடத்தை வைத்துத்தான். 16ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1834இன் தீ விபத்து வரை பொதுமக்கள் அவை கூடியது செயின்ட் ஸ்டீஃபன் என்ற பழைய வழிபாட்டுக் கூடத்தில். பாடகர் குழு இரண்டு வரிசையாக முகத்துக்கு முகம் உட்காரும் அமைப்பு அங்கே ஏற்கெனவே இருந்தது. உறுப்பினர்கள் அதில் அமர்ந்தார்கள். ஒரு பக்கம் அமைச்சர்கள், எதிர்ப்பக்கம் மற்றவர்கள். 18ஆம் நூற்றாண்டில் 'அப்போசிஷன்' அந்த மற்றவர்களின் பெயரானது. நெடுங்காலம் அது கௌரவமான பெயரில்லை. மன்னரின் அமைச்சர்களை விடாமல் எதிர்ப்பவன் ராஜத்துரோகத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரன் என்றே பலர் நினைத்தார்கள்.

1826 ஏப்ரல் 10 அன்று ஜான் கேம் ஹோப்ஹவுஸ் என்ற உறுப்பினர் பேச எழுந்தார். அமைச்சர் ஒருவரின் சம்பளம் பற்றிய விவாதம். இதை எதிர்த்தால் மாட்சிமை தங்கிய மன்னரின் அமைச்சர்களுக்குக் கஷ்டம் என்கிறார்கள். மாட்சிமை தங்கிய மன்னரின் எதிர்க்கட்சிக்கு அல்லவா இதைவிடக் கஷ்டம் என்றார். அவை சிரித்தது. வேடிக்கையாகச் சொன்னதை அதே எதிர்வரிசையில் இருந்த ஜார்ஜ் டியர்னி பிடித்துக்கொண்டார். இதைவிடப் பொருத்தமான தொடர் கிடைக்காது, நாங்களும் மன்னரின் அரசில் ஒரு கிளைதான் என்றார். எதிர்ப்பவனும் உள்ளே இருப்பவன் என்ற எண்ணம் ஒரு தொடராக உருப்பெற்ற நாள் அது. 1937இல் பிரிட்டனில் எதிர்க்கட்சித் தலைவருக்கு ஆண்டுக்கு 2,000 பவுண்டு அரசுச் சம்பளம் என்று சட்டம் வந்தது. இந்தியாவில் நாடாளுமன்ற எதிர்க்கட்சித் தலைவர்களின் சம்பளத்துக்கான சட்டம் 1977இல் வந்தது. தன்னை எதிர்ப்பவருக்கு அரசே சம்பளம் கொடுக்கும் ஏற்பாட்டில், அந்தப் பழைய 'வித்'தின் இரண்டு முகமும் சேர்ந்திருப்பதாகவே நான் பார்க்கிறேன்.

இன்னும் முழுதாக மாறவில்லை

'வித்' கட்சி மாறியதாகத் தலைப்பில் எழுதினேன். ஆனால் பழைய வீட்டுச் சாவியை அது திருப்பிக் கொடுக்கவில்லை. 'குவாரல்', 'ஆர்க்யூ', 'கம்பீட்', 'டிஸ்அக்ரீ' எல்லாவற்றுக்கும் பின்னால் ஆங்கிலத்தில் இன்றும் வருவது 'வித்'. உன்னோடு உடன்படுகிறேன் என்பதற்கும் 'வித்', உடன்படவில்லை என்பதற்கும் 'வித்'. பெரும்பாலும் வினைச்சொல்லே வழி காட்டிவிடும். 'ஃபைட்' என்ற வினையில் மட்டும் காட்டாது.

மலேசியாவில் இருக்கும் ஒரு குடும்பம் தங்கள் தாத்தாவின் நினைவு மலருக்காக ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பைத் தமிழாக்கித் தரச் சொன்னார்கள். பிறந்த ஊர், தோட்ட வேலை, பிள்ளைகள் என்று நேராகப் போய்க்கொண்டிருந்த குறிப்பு ஓர் இடத்தில் என்னை நிறுத்தியது. 1944இல் அவர் பர்மா எல்லையில் 'ஃபாட் வித் தி ஜாப்பனீஸ்' என்று இருந்தது. அந்த ஆண்டு இம்ஃபால் பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்த தமிழர்கள் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தமிழர்கள் ஜப்பானியர் பக்கம் நின்று போரிட்டார்கள். அந்த ஆங்கில வரி இரண்டு பேருக்கும் பொருந்தும். 'ஜப்பானியரோடு போரிட்டார்' என்று நான் எழுதினால் தமிழிலும் அதே சிக்கல். ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்த பக்கம் எது என்பதை ஓர் உருபை நம்பி விட்டுவிட முடியாது. பேரனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, தாத்தா எந்தப் பட்டாளம்?"

"நேதாஜி பட்டாளம் சார். ஐ.என்.ஏ."

'ஜப்பானியருக்குத் தோள் கொடுத்துப் போரிட்டார்' என்று எழுதினேன். ஆங்கிலக் குறிப்பிலும் திருத்தட்டுமா என்று அவர் கேட்டார். 'வித்' வேண்டாம், 'அலாங்சைட்' என்று போடச் சொன்னேன். பக்கத்தில் நின்று என்பதற்கு அதில் சந்தேகமே வராது. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. 'அலாங்' பழைய ஆங்கிலத்தில் 'ஆண்ட்லாங்'. பிர்ட்நோத்தின் பதிலுக்குள் இருந்த அதே 'ஆண்ட்', அதே 'எதிர்', இதன் தலையிலும் இருக்கிறது. அதை அவரிடம் விளக்க ஆரம்பித்தேன். வேலைக்கு நடுவில் இருந்தவர், கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.